உப்புத் தேத்தண்ணி

அவள் எனக்குத் தந்த முதல் தேநீரில் சீனிக்குப் பதிலாக உப்பு இருந்தது. ஏதோ ஒரு சிட்டிகை விழுந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கரண்டி கரண்டியாக அள்ளிப் போட்டிருந்தாள். நான் அதை ஒரு சொட்டு விடாமல் குடித்து, கோப்பையையும் கழுவி வைத்துவிட்டு வந்து நின்றேன்.

"தேத்தண்ணி எப்பிடி அண்ணே?"

"நல்லா இருந்திச்சு மிஸ். சூடும் அளவா இருந்திச்சு."

"அப்ப இண்டைக்கு நீங்கள் தண்ணிக்குள்ள இறங்கேலாது. அடுத்த சனி வாங்கோ."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ் மாறி, துவாயும் மாற்றுடுப்புமாக வந்திருக்கிறேன். நாற்பத்தாறு வயது மனிதன். ஒரு தேநீரைக் குடித்ததற்காகத் திருப்பி அனுப்புகிறாள்! அன்று வந்திருந்த புது ஆட்களில் ஒரே ஒரு பெண்தான் முதல் வாயையே துப்பிவிட்டு, "சீ, என்னப்பா இது!" என்றாள். அந்தப் பெண்ணை மட்டும் மிஸ் தண்ணீரில் இறக்கினாள். மற்றவர்கள் எல்லோரும் என்னைப் போலவே நல்ல வளர்ப்பு. உப்பை விழுங்கிவிட்டு வரிசையாகப் படியேறி வெளியே வந்தோம்.

மிஸ் என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். அதனால்தான் இங்கே அவள் என்று எழுதுகிறேன். நேரில் ஒருநாளும் மிஸ் என்பதற்குக் குறைத்துக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் உயிரோடு விட்டிருக்க மாட்டாள். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், சின்ன ஹோட்டலின் பின்பக்க நீச்சல் குளத்தில், சனிக்கிழமைகளில் ஸ்கூபா கோர்ஸ் நடத்தினாள். முதுகில் காற்று டேங்க், வாயில் ரெகுலேட்டர், முகத்தில் மாஸ்க். இவற்றோடு தண்ணீருக்கடியில் மூச்சு விடவும், ஏதாவது பிசகினால் பதறாமல் சமாளிக்கவும் பழக்குகிற கோர்ஸ். குளத்தில் தேறியவர்களைக் கல்கிசையிலிருந்து படகில் கடலுக்குக் கூட்டிப் போவாள். அங்கேயும் தேறினால் கார்டு. இப்போது அதே குளத்தில் வேறு யாரோ நடத்துகிறார்கள். தேநீரில் சீனி போடுகிறார்களாம்.

எனக்கு அந்தக் கார்டு வேண்டும். விளையாட்டுக்கில்லை, பிழைப்புக்கு. நான் துறைமுகத்தில் வார்ஃப் கிளார்க்காக இருந்தவன். பிறர் சரக்கை வெளியே எடுப்பதற்காக மேசை மேசையாகப் பைலைத் தூக்கிக்கொண்டு அலைகிற வேலை. "பிரச்சினை இல்ல சேர்" என்பதை மூன்று மொழியிலும் சிரித்த முகத்தோடு சொல்லத் தெரிந்தால் போதும், அந்த வேலை ஓடும். இறக்குமதி நின்ற காலத்தில் என் வேலையும் நின்றது. மாலைதீவில் ஹோட்டல் ஒன்றின் டைவிங் பிரிவில் இருக்கிற என் சித்தப்பா மகன் போன் எடுத்தான். "அண்ணே, ஒங்களுக்கு மீன் மாதிரி நீந்தத் தெரியும், மூணு பாஷையும் பேசுவீங்க. கார்டு ஒண்ண மட்டும் எடுங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்றான். நான் "சரி" என்றேன். என் மனைவி அன்றே மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினாள்.

ஆக, மூன்று வாரத்தில் முடிகிற கோர்ஸ் என்று நினைத்துத்தான் போனேன். அவளிடம் மாட்டிக்கொள்ளப் போவது எனக்கு எப்படித் தெரியும்?

அவளால் ஓரிடத்தில் இருக்க முடியாது. குளக்கரையில் பேசிக்கொண்டே நடப்பாள். நடந்துகொண்டே யாருடைய டேங்க் பட்டியையாவது இழுத்துப் பார்ப்பாள். பாண் துண்டைக் கடித்துக்கொண்டே டேங்க்கைத் தூக்குவாள். கதிரை போட்டால் அதில் பையை வைப்பாள். சென்ற சனிக்கிழமை சொல்லித் தந்ததை இந்தச் சனிக்கிழமை தூக்கி எறிந்திருப்பாள். "அது சரிவரேல்ல. இண்டைக்கு வேற மாதிரிச் செய்வம்" என்று தொடங்கினால் நாங்கள் பட்டிகளை இன்னொருமுறை இறுக்கிக்கொள்வோம். மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவதை முதலில் நின்றுகொண்டு செய்யச் சொன்னாள், பிறகு முழங்காலில், பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பிறகு பக்கத்தில் இன்னொருவன் காலைப் பிடித்து இழுக்கும்போது. ஏனென்று கேட்டால் அதற்குப் பின்னால் ஒரு ஆளின் கதை இருக்கும். அவளுடைய கோர்ஸில் ஆள் இல்லாத பாடமே கிடையாது.

முதலில் அவளும் எல்லோரையும் போல வெளிநாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, அதில் உள்ள வரிசைப்படியேதான் நடத்தியிருக்கிறாள். வந்தவர்களும் வெளிநாட்டுக்காரர். அவர்கள் தண்ணீர் குளிர்கிறது என்பார்கள், மாஸ்க் இறுக்குகிறது என்பார்கள், இந்த டேங்க் பிடிக்கவில்லை, வேறு தா என்பார்கள். கோர்ஸ் எண்ணெய் போட்டதுபோல் ஓடியது. பிறகு அவர்கள் வராமல் போன காலம் வந்தது. எங்கள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பம்பலப்பிட்டியில் ஒரு வங்கியில் வேலை செய்த மனிதர், சாதுவானவர், கடலில் இறங்கும்போது காது வலித்திருக்கிறது. ஆழம் போகப் போகக் காதுக்குள் அமுக்கும். மூக்கைப் பொத்தி ஊதிச் சரிசெய்ய வேண்டும். சரிவராவிட்டால் மேலே வந்துவிட வேண்டும். அவருக்குச் சரிவரவில்லை. அவள் அவர் முகத்துக்கு நேரே போய்ச் சைகையால் கேட்டிருக்கிறாள், சரியா என்று. அவர் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்து, எல்லாம் சரி என்று காட்டியிருக்கிறார். இன்னும் கொஞ்சம் ஆழம். மறுபடி கேட்டிருக்கிறாள். மறுபடி வளையம். மேலே வந்தபோது காதிலிருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. செவிப்பறை கிழிந்துவிட்டது.

"ஏன் சேர் சொல்லேல்ல எண்டு கேட்டனான். என்ன சொன்னவர் தெரியுமோ? 'நீங்க மற்றாக்களோட பிஸியா இருந்தீங்க மிஸ், ஏன் கரைச்சல் தருவான் எண்டு விட்டிட்டன்.' காது போகுது, அந்தாளுக்கு எனக்குக் கரைச்சல் தரக்கூடாது எண்டு கவலை!"

இதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குக் குரல் உயர்ந்துவிடும். "புத்தகம் எழுதினவைக்கு எங்கட சனத்தைத் தெரியாது அண்ணே. நோகுது எண்டா ஆள் நோகுது எண்டு சொல்லும் எண்டு நினைச்சு எழுதியிருக்கினம். எங்கட சனம் சாகும், சொல்லாது."

அன்றிலிருந்துதான் கோர்ஸை உடைத்து உடைத்துக் கட்டத் தொடங்கியிருக்கிறாள். புத்தகத்தில் எங்கோ நடுவில் ஒரு மூலையில் கிடந்த சைகையை முதல் பாடமாக்கினாள். உள்ளங்கையைக் கீழே பார்க்க விரித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்ட வேண்டும். ஏதோ சரியில்லை என்று அர்த்தம். பிறகு எது சரியில்லையோ அதைத் தொட்டுக் காட்ட வேண்டும். இவ்வளவுதான், ஒரு குழந்தை செய்யும். கரையில் எல்லோரும் அழகாக ஆட்டினோம். தண்ணீருக்குள் போனதும் ஒருவரும் ஆட்டவில்லை. மாஸ்க்கின் அரைவாசிக்குத் தண்ணீர் நிற்க, கண் எரிய எரிய வளையம் காட்டினோம்.

எங்களுக்கு முன்பு வந்தவர்களும் அப்படித்தானாம். அதனால் அவளே பிழைகளை வைக்கத் தொடங்கியிருந்தாள். ஆளைக் கொல்லாத சின்னச் சின்னப் பிழைகள், ஆழமில்லாத இடத்தில். பட்டியைத் தளர்த்தி விடுவாள். பொருந்தாத மாஸ்க்கைத் தருவாள். சொல்கிறவன்தான் அடுத்த படிக்குப் போகலாம். புதுக்கடை நீதிமன்றத்தில் குரலை உயர்த்தினால் கூரை அதிரும் என்று பேரெடுத்த சட்டத்தரணி ஒருவர் எங்களோடு இருந்தார். அவருக்கு ஒரு காலுக்குத் தன் அளவிலும் மற்றக் காலுக்குப் பத்து வயதுப் பிள்ளையின் அளவிலும் ரப்பர்த் துடுப்பு மாட்டக் கொடுத்தாள். மனிதர் விரலை மடக்கித் திணித்துக்கொண்டு பாடம் முழுக்க நீந்தினார். குளத்தை வட்டமாகவே சுற்றிக்கொண்டிருந்தார். முடிவில், "வெரி கம்ஃபர்ட்டபிள் மிஸ்" என்றார். நான் சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்துவிட்டேன். இப்படிப்பட்டவர்களை எங்களுக்கு முன்பே நிறையப் பார்த்ததால்தான், தண்ணீரில் இறங்கிய பின் பார்த்துப் பயனில்லை, ஆளைக் கரையிலேயே பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எங்களை எங்கே பிடிக்கலாம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் கொடுத்த தேநீரை எங்களில் எவன் குறை சொல்வான்?

உப்பு இரண்டாம் சனிக்கிழமையும் இருந்தது. தெரிந்துகொண்டு போனதால் துப்பிவிட்டேன். அதோடு முடிந்தது என்று பார்த்தால், தண்ணீருக்குள் மறுபடியும் நான்தான் கடைசி. கைவிரல் தானாக வளையமாகிவிடுகிறது, நான் என்ன செய்ய?

"அண்ணே, உங்களைப் பாத்து எப்பிடி இருக்கிறீங்கள் எண்டு கேட்டா, செக்பொயின்டில ஐடென்டி கேட்ட மாதிரி டக்கெண்டு பதில் சொல்லுறியள். நான் ஆமிக்காரி இல்லை. யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சுத்தான் சொல்றேன் மிஸ். எனக்கு எல்லாம் சரிதான்."

"உங்கட மாஸ்க்குக்குள்ள ஒரு மீன் வளக்கலாம். எல்லாம் சரியாம்!"

தண்ணீருக்கு வெளியேயும் அவள் விடமாட்டாள். அதுதான் எனக்குச் சங்கடம். ஒருநாள் பாடம் முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது காலி வீதியில் பழக்கடைக்காரரிடம் வாழைப்பழம் வாங்கினாள். கொஹொமத அய்யே, எப்படி இருக்கிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டாள். "ஹொந்தய் நங்கி" என்றார் அவர், நல்லாயிருக்கிறேன் என்று. நாமாக இருந்தால் மிச்சக் காசை வாங்கிக்கொண்டு நடப்போம். அவள் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஐத்தடம ஹொந்தய்த?" என்றாள். உண்மையாகவே நல்லாயிருக்கிறீர்களா? அந்த மனிதர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மனைவிக்குச் சிறுநீரகம் பழுதானதைச் சொல்லத் தொடங்கினார். வெயிலில் நின்று முழுக்கக் கேட்டோம். எனக்கு இரண்டு பஸ் போய்விட்டது. அவள் கேட்டுக்கொண்டே அவருடைய பழச்சீப்புகளை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவரிடம் அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.

எங்கள் கோயில் திருவிழாவுக்குக் கொட்டாஞ்சேனைக்கு வந்தபோது என் மனைவியையும் பிடித்துக்கொண்டாள். நான் ஐஸ்கிறீம் வாங்கப் போன இடைவெளியில், "அக்கா, அண்ணன் போறது உங்களுக்குச் சரிதானே?" என்று கேட்டிருக்கிறாள். மனைவி, "எனக்கென்ன மிஸ், சந்தோசம்தான்" என்றிருக்கிறாள். அவள் விடாமல் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து என் மேல் பாய்ந்தாள் மனைவி. "அந்தப் புள்ள என்னா பார்வை பாக்குது! கோயில் முத்தத்துல வச்சுக் கேக்குற கேள்வியா அது?" அதன் பிறகு இரண்டு நாள் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவப்பட்டன.

அவளுக்கு ஒரே ஒரு போன் மட்டும் பாடத்தின் நடுவில் வரும். தாயிடமிருந்து. இரண்டு தமையன்களும் கனடாவில். இவளும் தாயும்தான் வெள்ளவத்தையில், மாடி வீடொன்றில். போன் வந்தால் குளத்தின் மறுமுனைக்குப் போய்விடுவாள். "ஓம் அம்மா. சரி அம்மா. சாப்பிட்டன் அம்மா. எனக்கென்ன குறை, சந்தோசமா இருக்கிறன்." எங்களைச் சத்தம் போடுகிற குரலே அதில் இருக்காது. வைத்துவிட்டுத் திரும்பி வரும்போது அன்றைய பாடத்தை மாற்றியிருப்பாள். "இது சரிவரேல்ல, வேற மாதிரிச் செய்வம்." நான் ஒருமுறை பகிடியாக, "மிஸ், நீங்க சரியா?" என்று கேட்டேன். "என்னை விடுங்கோ, உங்கட பட்டியைப் பாருங்கோ" என்றாள். நானும் என் பட்டியைப் பார்த்தேன்.

வாரங்கள் போயின. என்னோடு சேர்ந்தவர்கள் கார்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தச் சட்டத்தரணிகூடத் தேறிவிட்டார், ஒரு சனிக்கிழமை தண்ணீருக்கு மேலே தலையை நீட்டி, "திஸ் இஸ் அன்அக்செப்டபிள்!" என்று கத்தினார், நாங்கள் கைதட்டினோம். நான் மட்டும் குளத்திலேயே கிடந்தேன். மாலைதீவிலிருந்து தம்பி வாரத்துக்கு ஒருமுறை எடுப்பான். "அண்ணே, கார்டு வந்திச்சா? மொதலாளி கேக்குறாரு." "இந்தா வருது தம்பி, பிரச்சினை இல்ல." மனைவி புதுச் சூட்கேஸ் ஒன்றை வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்தாள். பக்கத்து வீட்டார், "எப்ப பயணம்?" என்றார்கள். "இந்தா, இந்தா" என்றேன். எல்லோரிடமும் அவளைத்தான் திட்டினேன். பைத்தியக்காரி, ஒழுங்காக நீந்துகிறவனை வேண்டுமென்றே பிடித்து வைத்திருக்கிறாள், வேறு எங்காவது சேர்ந்திருந்தால் இதற்குள் போய்ச் சேர்ந்திருப்பேன் என்று. வேறு எங்காவது சேரலாமே என்று மனைவி சொன்னபோது மட்டும், இவ்வளவு தூரம் வந்துவிட்டு இனி எங்கே மாறுவது என்று தட்டிக் கழித்தேன். ஏன் தட்டிக் கழித்தேன் என்று அப்போது எனக்கே தெரியவில்லை.

கடைசியில் அவளும் பொறுமை இழந்தாள். கடல் அடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை காலையில், "அண்ணே, இண்டைக்கு உங்களைக் கடலுக்குக் கொண்டு போறன். நீங்களும் நானும் மட்டும். இண்டைக்கு நான் ஒண்டையும் தளர்த்தி வைக்கேல்ல. எல்லாத்தையும் நீங்களே பாத்துப் போடுங்கோ" என்றாள்.

பார்த்துத்தான் போட்டேன். மாஸ்க் இறுக்கம். டேங்க் நிறையக் காற்று. இறங்கும்போது காதைச் சரிசெய்தேன், ஒரு வலியும் இல்லை. பாறைக்குப் பக்கத்தில் மணலுக்குச் சற்று மேலே, ஏறாமலும் இறங்காமலும் மிதந்தேன். அவள் மாதக்கணக்காகக் கத்திக் கத்திச் சொல்லித் தந்தது அப்போதுதான் உடம்பில் ஏறியது. தண்ணீர் தெளிவாக இருந்தது. மஞ்சள் மீன்கள் என் முழங்கைக்குக் கீழே மேய்ந்துகொண்டிருந்தன. இன்றைக்குப் பாஸ்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கார்டு வரும். தம்பிக்குச் சொல்லலாம். சூட்கேஸை இறக்கலாம்.

அவள் என் முகத்துக்கு நேரே வந்து நின்று கேட்டாள், சரியா என்று.

கை எழும்பியது. வளையமாகவில்லை. எல்லாம் சரியாக இருந்தது, எனக்குத்தான் சரியில்லை. உள்ளங்கை விரிந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. நான் ஆட்டினேன் என்று சொல்ல மாட்டேன்; அது ஆடுவதை நானும் பார்த்தேன்.

அவள் என் காதைத் தொட்டாள். இல்லை. மாஸ்க்கைத் தொட்டாள். இல்லை. காற்று அளவைப் பார்த்தாள்; நிறைய இருந்தது. எது என்று கையை விரித்தாள். எதைத் தொட்டுக் காட்டுவது? வேறு வழி தெரியாமல் நெஞ்சில் கை வைத்தேன்.

மாஸ்க்குக்குள் அவள் கண் பெரிதாவதைப் பார்த்தேன். என் பட்டியைப் பிடித்த பிடி இன்றைக்கும் தோளில் இருக்கிறது. அவசரப்படாமல், இடையில் நிறுத்த வேண்டிய ஆழத்தில் நிறுத்தி, என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மேலே கொண்டு வந்தாள். தலை வெளியே வந்ததும் ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு, "நெஞ்சு நோகுதோ? இடக்கை விறைக்குதோ? மூச்சு எடுக்கேலுமோ?" என்று அடுக்கினாள்.

"இல்ல மிஸ்."

"அப்ப என்ன?"

"எனக்கு மாலைதீவுக்குப் போக விருப்பமில்ல."

ஒரு அலை வந்து எங்கள் இருவர் வாயையும் மூடிவிட்டுப் போனது.

"என்ன சொன்னீங்கள்?"

"எனக்குப் போக விருப்பமில்ல மிஸ். சுத்தமா விருப்பமில்ல. இந்த வயசுல ஆள் இல்லாத ஊருல போய்க் கெடக்க என்னால ஏலாது. என் வீட்ட விட்டுப் போக எனக்குப் பயமா இருக்கு."

"விசரே உங்களுக்கு!" என்று கத்தினாள். "நெஞ்சில கையை வைச்சு! நான் ஆஸ்பத்திரி, அம்புலன்ஸ் எல்லாம் யோசிச்சுக்கொண்டு வாறன், மனிசன்…" என் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள். பிறகு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "வீட்டில ஆருக்குச் சொன்னீங்கள்?"

"ஒருத்தருக்கும் இல்ல. எனக்கே இப்பதான் தெரியும்."

படகுக்காரர் கை கொடுத்துத் தூக்கி, "மொகத வுணே?" என்று கேட்டார், என்ன நடந்தது என்று. "பாஸ்" என்றாள் அவரிடம். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவள் கரை வரும்வரை படகின் ஓரத்தில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி அசையாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

கரையில் டேங்க்குகளை ஏற்றி முடித்ததும் பையிலிருந்து கார்டை எடுத்து என் கையில் வைத்து, "வாங்கோ அண்ணே, இப்பவே போய்ச் சொல்லுவம். நாளைக்கு எண்டா நீங்கள் சொல்லமாட்டியள். நானும் வாறன்" என்றாள். ஈரத் தலையோடு முச்சக்கர வண்டியில் ஏறிவிட்டாள். நான் என்ன செய்ய, பக்கத்தில் ஏறினேன்.

என் மனைவி கார்டைப் பார்த்துக் கும்பிட்டாள். அடுத்த நிமிடம் நான் சொன்னேன். அவள் கார்டை மேசையில் போட்டாள்.

"பாஸாகிட்டு வேணாம்ங்குறீங்களா? மிஸ், நீங்களே கேளுங்க. எத்தன மாசமா சரி சரின்னாரு. எல்லாருக்கும் சொல்லியாச்சு. தம்பி மொதலாளிக்கு வாக்குக் குடுத்துட்டான். இவருக்கு நீங்க என்னதான் படிச்சுக் குடுத்தீங்க?"

மிஸ் சுவரோடு நின்றாள். மனைவிக்கு அடங்கவில்லை. கத்தினாள், அடுப்படிக்குப் போய் வந்து கத்தினாள். கடைசியில் கதிரையில் உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சாதாரணக் குரலில் பேசினாள். "போக வேணாம்னா போக வேணாம். ஆனா திங்கக்கெழமையே வேல தேடணும். இந்த வீட்ட ஒத்தையா இழுக்க என்னால ஏலாது. ஏலாதுங்க. இவ்வளவு நாளும் ஏலும்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்." நான் தேடுகிறேன் என்றேன். இந்தத் தடவை அதை யோசித்துத்தான் சொன்னேன்.

"அப்ப அந்த எடத்துக்கு இனி ஆரு போறது? தம்பிக்கு நாம என்னாத்த சொல்றது?"

"நான் போகட்டா அக்கா?"

முதலில் எங்களுக்கு விளங்கவில்லை. அவள் ஈரமுடியை முறுக்கிக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இப்பிடி இடம் வந்தது, ஒருக்கா இல்லை. வேண்டாம் எண்டிட்டன். அம்மாவுக்கு நான் இல்லாட்டி ஒருத்தரும் இல்லை. சின்னம்மா தன்னோட வந்து இருக்கச் சொல்லி அம்மாவைக் கேட்டவ. நான் போகட்டோ, உனக்கு என்ன விருப்பம் எண்டு அம்மா என்னைக் கேட்டவ. எனக்கு இஞ்சதான் சந்தோசம், இந்தக் கடலே போதும் எண்டு சொல்லிப் போட்டன். அந்தக் குளத்துக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது அக்கா. ஒவ்வொரு சனியும் எதையாவது மாத்தி மாத்திப் பாக்கிறன். குளம் அதேதானே."

எனக்குக் கோபம்தான் வந்தது. "ஊரையெல்லாம் புடிச்சு உலுக்கிக் கேட்டீங்களே மிஸ்! பழக்கடக்காரன விட்டீங்களா, எங்கள விட்டீங்களா!" அவள் தலையைக் குனிந்தாள். மனைவி என் கையைத் தட்டி, "பேசாம இருங்க" என்றாள். பிறகு எழும்பிப் போய் அவள் தோளில் துவாயைப் போட்டு, "தங்கச்சி, மொதல்ல அம்மாகிட்ட சொல்லணும்" என்றாள். அன்றைக்குத்தான் மிஸ் தங்கச்சியானாள்.

"தனிய ஏலாது" என்றாள் அவள். "அண்ணே, நான் உங்களோட வந்தன்தானே?"

வெள்ளவத்தைக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அன்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சாப்பாட்டு நினைவு வரவில்லை. அவள் காலையிலிருந்து ஒன்றும் தின்றிருக்கவில்லை. இரண்டாம் மாடியில் அவர்களுடைய கதவு. உள்ளே டிவி நாடகத்தின் சத்தம். மணியை நோக்கிக் கையைக் கொண்டுபோனாள், எடுத்துவிட்டாள். செருப்பைக் கழற்றினாள், ஒழுங்காக வைத்தாள், என் செருப்பையும் ஒழுங்காக வைத்தாள்.

"அண்ணே, அம்மா நாடகம் பாக்கிறா. நாளைக்கு வருவமே?"

நான் மணியை அழுத்தினேன்.

டிவிச் சத்தம் குறைந்தது. உள்ளே யாரோ மெதுவாகக் காலை இழுத்து நடந்து வருவது கேட்டது.

"ஆரது? பிள்ளையோ? சாப்பிட்டியோ?"

"ஓம் அம்மா" என்றாள், உடனே, வழக்கமான அந்தக் குரலில். பிறகு என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"இல்லையம்மா" என்றாள். "சாப்பிடேல்ல. கதவைத் திறவுங்கோ, உங்களோட ஒண்டு கதைக்கோணும்."